அறுநூற்றுப் பன்னிரண்டு மெயில்கள்

எங்கள் ஊர் ஸெலெஸ்னிக்கியில் யாருடைய கணினியாவது மக்கர் செய்தால் முதலில் அதைத் திட்டுவார்கள். திட்டி முடித்ததும் தாரின்கா ரெஸ்மனைக் கூப்பிடுவார்கள்.

தாரின்கா, மரம் அறுக்கும் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடம் சம்பளப் பட்டியல் போட்டவள். கம்பெனியை மூடியபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. கணவன் அதற்கு மூன்று வருடம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தான். இனி வீட்டில் முடங்கிவிடுவாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவளோ ஒரு பழைய சிவப்புக் காரை வாங்கி, பின் சீட்டில் வயர்ச்சுருள்களையும் ஒரு டப்பா பிஸ்கட்டையும் போட்டுக்கொண்டு, ஸோரா ஆற்றோரமாக மேலும் கீழும் ஓட ஆரம்பித்தாள். பல் டாக்டர், முடி திருத்தும் கடை, விடுதி, ரொட்டிக் கடை என்று இந்தப் பள்ளத்தாக்கில் எந்தச் சின்னத் தொழில் நடத்துபவரானாலும் அவள் போய் உட்கார்ந்து எழுந்த நாற்காலி ஒன்று அங்கே இருக்கும்.

நான் தபால் நிலையத்தில் இருபத்தாறு வருடமாகக் கவுன்டரில் இருக்கிறேன். ஊர்க்கதையெல்லாம் என் வழியாகத்தான் போகும். தாரின்காவைப் பற்றி முதலில் வந்த கதை விடுதிக்காரர்கள் சொன்னது. சமையல்காரன் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போனபோது விடுதியின் மெயிலும் அவனோடு போய்விட்டது. ஏனென்றால் அதை அவன்தான், தன் பெயரில், தன் போனில் தொடங்கி வைத்திருந்தான். கோடைகால முன்பதிவு முழுக்க அதில். தாரின்கா அவன் வீட்டுக்கே போய், சமையலறையில் அவன் எதிரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு வந்தாள்.

"என்ன சொல்லி வாங்கின?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. அவன் போட்ட காபியைக் குடிச்சுக்கிட்டே இருந்தேன். நாலாவது கப்புல குடுத்துட்டான்."

அதிலிருந்து அவள் எல்லோருக்கும் ஒரே பாடம்தான் சொல்வாள். தொழிலின் மெயில் தொழிலின் பெயரில் இருக்க வேண்டும். மெயிலுக்கும் கோப்புகளுக்கும் ஒரே கணக்கை வைக்காதே. பாஸ்வேர்டைத் திரையில் ஒட்டி வைக்காதே, அது பல் டாக்டருக்கு. எதுவானாலும் மூன்று நகல், அதில் ஒன்று கையால் தொடக்கூடியதாக இருக்கட்டும். நீ செத்தால் யார் திறப்பது என்பதை இன்றே எழுதி வை. கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

சிரில் யாம்னிக் அவளுடைய வாடிக்கையாளராக வர நான்கு வருடம் எடுத்துக்கொண்டார்.

சிரில் ராணித் தேனீ வளர்ப்பவர். கல்யாணம் ஆகாதவர், அறுபத்து நான்கு வயது, மலையடிவாரத்தில் வீடு. மே தொடங்கி ஆகஸ்ட் வரை வாரத்துக்கு இரண்டு முறை என் கவுன்டருக்கு வருவார். விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ராணி, கூடத் துணைக்கு ஏழெட்டுத் தேனீக்கள், வழிச்சாப்பாடாகக் கொஞ்சம் சர்க்கரைப் பாகு. ஆஸ்திரியா, ஜெர்மனி, டென்மார்க் வரைக்கும் போகும். "நேஷ்கா, முத்திரையை மெதுவாக் குத்து. உள்ள இருக்கிறது அரச குடும்பம்" என்பார் ஒவ்வொரு முறையும். நானும் ஒவ்வொரு முறையும் சிரிப்பேன்.

ராணியை யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம். சிரிலின் ராணிக்கு மதிப்பு அதன் வம்சத்தில் இருந்தது. எந்தத் தாய்க்குப் பிறந்தது, அந்தத் தாயின் கூட்டம் கொட்டுமா, அடிக்கடி கூட்டைவிட்டுக் கிளம்பிப் போகுமா, உண்ணியைத் தாங்குமா, குளிர்காலத்தில் எவ்வளவு தின்னும் என்று முப்பத்து மூன்று வருடமாக எழுதி வைத்திருந்தார். முப்பத்து மூன்று நோட்டுப் புத்தகங்கள். 2007 வெள்ளத்தில் நிலவறைக்குள் தண்ணீர் புகுந்து அதில் இரண்டு கூழாகிவிட்டது. அதைச் சொல்லித்தான் தாரின்கா அவரை மடக்கினாள்.

"இன்னொரு வெள்ளம் வந்தா என்ன பண்ணுவீங்க? கிளவுட்ல போட்டு வைங்க."

"மேகத்துலயா? நம்ம ரதிதோவெட்ஸ் மலை மேல நிக்குதே, அதுலயா? அதை நம்பி நான் ஒரு சட்டைகூடக் காயப்போட மாட்டேன் டாக்டரம்மா."

அவளை அவர் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார், கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்ப்பதால். அவள் அவரை ராணி வியாபாரி என்பாள்.

கடைசியில் ஒரு நவம்பரில் அவர் சம்மதித்தார். அந்தக் குளிர்காலமும் அடுத்த குளிர்காலமும் வாரத்தில் மூன்று பிற்பகல் அவருடைய சமையலறை மேசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் நோட்டைப் பார்த்துப் படிப்பார், அவள் தட்டுவாள். தாரின்கா சொல்வாள், முதல் மாதம் எண்களை மட்டும் படித்தாராம். அப்புறம் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கதை வர ஆரம்பித்ததாம். நாற்பத்தேழாம் எண் பாதிரியாரின் காதில் கொட்டியவள். நூற்றுப் பன்னிரண்டு, மற்ற கூடெல்லாம் பட்டினி கிடந்த வருடத்தில் முப்பது கிலோ தேன் கொடுத்தவள். வேலை முடிந்ததும் பக்வீட் என்ற மலைத்தானிய மாவில் களி கிண்டி, பன்றிக்கொழுப்பு வறுவலை மேலே போட்டு, புளித்த பாலோடு வைப்பார். அந்த இரண்டு குளிர்காலத்தில் தாரின்கா முடிக்குச் சாயம் பூசிக்கொண்டதை நான் கவனித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அப்படிக் கேட்க மாட்டார்கள். கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

மார்ச் முதல் வாரம் கடைசி நோட்டு முடிந்தது. சிரில் ஒரு முழு நாள் உட்கார்ந்து இங்கும் அங்குமாகப் பக்கங்களைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை.

"இனிமே இந்த நோட்டுங்க?"

"வெறும் காகிதம்" என்றாள் தாரின்கா. சிரித்துக்கொண்டே சொன்னாள், பெருமையில்.

சிரில் ஒன்றை நம்ப வருடக்கணக்காகும். நம்பிவிட்டால் முழுசாக நம்புவார். பூஞ்சை நாற்றம் அடித்துக்கொண்டிருந்த நோட்டுகளை அந்த மார்ச் மாதம் முழுக்க ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டார்.

ஏப்ரலில் வாடிக்கையாளர்களுக்கு எழுத வேண்டும், இந்த வருடம் எந்த வம்சத்தில் எத்தனை ராணிகள் கிடைக்கும் என்று. முன்பெல்லாம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவார். மூன்று வாரம் ஆகும். தாரின்கா முகவரிகளையெல்லாம் ஒரே பட்டியலாக்கிக் கொடுத்திருந்தாள். பதினைந்து வருடத்து முகவரிகள். அதில் செத்தவர்கள் உண்டு, தேனீயை விட்டவர்கள் உண்டு, முகவரி மாற்றியவர்கள் உண்டு.

அவர் அனுப்ப உட்கார்ந்த அன்று காலை அவள் பல் டாக்டரின் கிளினிக்கில் இருந்தாள். எக்ஸ்ரே படங்கள் திறக்கவில்லை, நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார், டாக்டர் அவளுக்குப் பின்னாலேயே நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அப்போது சிரிலின் போன்.

"டாக்டரம்மா, ஒரே தடவையில அனுப்பிடலாமா? மொத்தம் அறுநூத்திப் பன்னெண்டு பேரு."

"ஒருத்தர் முகவரி இன்னொருத்தருக்குத் தெரியாம மறைச்சுப் போடுற கட்டத்துல போட்டீங்களா?"

"போட்டாச்சு."

"அப்ப அனுப்புங்க. ஒண்ணும் ஆகாது."

அந்தப் பேச்சு மொத்தமே பத்தொன்பது வினாடி. பிறகு எத்தனையோ தடவை போனை எடுத்து அந்த எண்ணை எனக்குக் காட்டியிருக்கிறாள்.

இலவச மெயில் கணக்கிலிருந்து ஒரே நேரத்தில் அறுநூறு பேருக்கு அனுப்பக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ரொட்டிக் கடைக்காரிக்கு அதே பாடத்தைப் போன வருடம்தான் எடுத்திருந்தாள்: ஐம்பது ஐம்பதாக அனுப்பு, செத்த முகவரிகளை முதலில் களை, இல்லையென்றால் உன்னைக் குப்பை மெயில் அனுப்பும் திருடன் என்று நினைத்துவிடுவார்கள். எல்லாம் தெரியும். சொல்லவில்லை.

மறுநாள் காலை சிரிலின் திரையில் நான்கு வரி இருந்தது. வழக்கத்துக்கு மாறான செயல்பாடு. விதிமுறை மீறல். கணக்கு முடக்கப்பட்டுள்ளது. முறையீடு செய்ய இங்கே அழுத்தவும்.

தாரின்கா அரை மணியில் போய்விட்டாள். முதலில் அவள் பதறவில்லை என்றாள். கோப்புகளின் நகல் மடிக்கணினியிலும் இருக்கும் என்று நினைத்தாள். அதில் அவற்றைப் போட்டு வைத்திருந்த கோப்புறையைத் திறந்தாள். எல்லாப் பெயர்களும் வரிசையாக இருந்தன, வருடவாரியாக, அவள் வைத்த பெயர்கள். ஒன்றைத் திறந்தாள். திறக்கவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது: சிரிலின் பழைய மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று, கோப்புகள் கிளவுடில் மட்டும் இருக்கட்டும், இங்கே பெயர் இருந்தால் போதும் என்ற கட்டத்தில் டிக் அடித்தது அவள்தான். மூன்றாவது நகலுக்காக வாங்கிய ஹார்ட் டிஸ்க், பிரிக்காத அட்டையோடு, அவள் காரின் பின் சீட்டில் கிடந்தது. பிப்ரவரியிலிருந்து கிடந்தது.

மெயிலும் கோப்புகளும் ஒரே கணக்கு. அதை அடுத்த குளிர்காலத்தில் பிரித்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

முறையீடு அனுப்பினாள். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: உங்கள் முறையீட்டைக் கவனமாகப் பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை.

"நாலு நிமிஷத்துல எவன் படிச்சான் நேஷ்கா? எவனும் படிக்கல. அந்தப் பக்கம் ஆளே இல்ல."

மே மாத முடிவுக்குள் நாற்பத்தொரு முறை அனுப்பினாள். சிரிலின் அடையாள அட்டை, தேனீ வளர்ப்பு உரிமத்தின் நகல், கூண்டுகளின் படம், என் கவுன்டரில் கொடுத்த பதிவுச் சீட்டுகள்கூட. அதே வரிகள், அதே கால்புள்ளியோடு திரும்பி வந்தன. பிறகு பதில் வருவதும் நின்றுவிட்டது.

அந்த மெயில் கம்பெனிக்குத் தலைநகர் லுப்லியானாவில் ஓர் அலுவலகம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு, கோப்பு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு தாரின்கா பஸ் ஏறினாள். ஆறாவது மாடி. வரவேற்பில் இருந்த பெண் நல்ல பெண். தண்ணீர் கொடுத்தாள், முழுவதும் கேட்டாள்.

"அம்மா, இங்க நாங்க விளம்பரம் மட்டும்தான் விக்கிறோம். உங்க கணக்கை எங்களால பாக்கக்கூட முடியாது."

"யாரால முடியும்?"

"அதுக்கு ஒரு படிவம் இருக்கு…"

"நாப்பத்தொரு தடவை அனுப்பிட்டேன் பொண்ணு. உனக்கு மேல யாராவது இருக்காங்களா? ஒரு ஆள் பேரு சொன்னாப் போதும். ஒரே ஒரு பேரு."

அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டதாம். "எனக்கே தெரியாதும்மா" என்றாளாம். அவள்மீது கோபப்படவாவது முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாள் தாரின்கா.

இதற்கிடையில் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தபால் நிலையத்துக்குப் போன் வர ஆரம்பித்தது. யாம்னிக்குக்கு என்ன ஆயிற்று, மெயில் எல்லாம் திரும்பி வருகிறதே, உயிரோடு இருக்கிறாரா? இருக்கிறார் என்பேன். ராணிகள்? அதற்கு எனக்குப் பதில் தெரியாது. ராணிகள் இருந்தன. கூட்டில் முதுகில் எண் ஒட்டிய நூற்றுக்கும் மேல். ஆனால் அந்த எண் இன்னாரின் மகள் என்று காட்டப் பட்டியல் இல்லை. ஜூனில், ராணிகளின் வம்சத்துக்குச் சான்று கொடுக்கும் அங்கீகார அதிகாரி வந்தார். பொறுமையாக இருந்தார், பழைய அறிக்கைகளையெல்லாம் தேடினார். அவற்றில் மொத்தக் கணக்குதான் இருந்தது, வம்சம் இல்லை. ஆதாரம் இல்லாமல் கையெழுத்துப் போட அவரால் முடியாது; அதை சிரிலே ஒப்புக்கொண்டார். "நானா இருந்தாலும் போட மாட்டேன்" என்றாராம்.

தாரின்கா விடவில்லை. சிரிலுக்கு நினைவு இருப்பதை எழுதிவிடலாம் என்று ஒரு புது நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். அதே மேசை. முதல் ஒரு மணி நேரம் நன்றாக வந்தது. நாற்பத்தேழு, பாதிரியார், காது. நூற்றுப் பன்னிரண்டு, முப்பது கிலோ. பிறகு ஒரு எண்ணில் நின்றார். அவள் யாருக்குப் பிறந்தாள்? அறுபதுக்கா, அறுபத்தாறுக்கா? அறுபது என்றார். இல்லை, அறுபத்தாறு என்றார். எழுந்து ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"வேண்டாம், மூடுங்க. இப்ப நான் சொல்றது கதை. கதையை வச்சு ராணி விக்கிறவன் நான் இல்ல."

அவள் நோட்டை மூடவில்லை. இன்னும் ஒரு எண், இன்னும் ஒன்று என்று கெஞ்சியிருக்கிறாள். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவளை 'நீ' என்று சொன்னார்.

"ஊருக்கெல்லாம் மூணு நகல் வைன்னு சொன்னியே. எனக்கு மட்டும் ஏன் ஒண்ணுகூட வைக்கல?"

என்னிடம் இதைச் சொல்லும்போது தாரின்கா தபால் தலை வைக்கும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்த எல்லா வீட்டுக்கும் நான் வேலைக்குப் போனேன் சிரில்" என்றாளாம். "உங்க வீட்டுக்கு மட்டும் வேலைக்கு வர்ற மாதிரி வரல."

அவர் அதைப் புரிந்துகொண்டார். புரிந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்ததாம். அதுதான் இன்னும் மோசம் என்றாள். அவர் அவளுடைய கோட்டை எடுத்துவந்து கொடுத்தார், அவள் கை நுழைக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குப் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

அந்தக் கோடையில் சிரில் கூடுகளைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். ஜூலையில் அவருடைய தேனீக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பின. ஒன்று தேவாலயத்து லிண்டன் மரத்தில் தொங்கியது, ஒன்று தீயணைப்பு நிலையத்து ஏணியில். அவருடைய தேனீ அப்படிப் போனதை முன்பு இந்த ஊர் பார்த்ததே இல்லை. போன் போட்டால் "யார் வேணும்னாலும் எடுத்துக்கட்டும்" என்றார். ஒரு கூட்டம் பல் டாக்டரின் ஜன்னலுக்கு வெளியே இரண்டு நாள் தொங்கியது. தாரின்கா அன்று அங்கே வேலைக்கு வந்தவள் காரைவிட்டு இறங்கவே இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

முடக்கிய கணக்குகளிலுள்ள எல்லாவற்றையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் நிரந்தரமாக அழித்துவிடுவார்கள். விதியில் எழுதியிருந்த தேதியை அவள் காலண்டரில் சிவப்பால் வட்டமிட்டு வைத்திருந்தாள். அதற்கு ஆறு வாரம் முன்பு, கம்பெனியின் வெளிநாட்டுத் தலைமையகத்துக்குக் காகிதத்தில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தாள். எட்டுப் பக்கம். ஆங்கிலத்துக்கு மாற்றியவர் பள்ளிக்கூடத்து ஆசிரியை. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். நானே முத்திரை குத்தினேன். மூன்று வாரத்தில் அட்டை திரும்பி வந்தது. யாரோ வாங்கிக்கொண்டு கிறுக்கலாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு தாரின்கா குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள்.

"பாரு நேஷ்கா, கை இருக்கு. பேனா பிடிச்ச கை. ஆள் இருக்கான்!"

பதில் வரவில்லை. சிவப்பு வட்டம் போட்ட நாளும் போய்விட்டது.

அடுத்த வசந்தத்தில் டோல்மின் ஊர்க்காரர் ஒருவர் லாரி கொண்டுவந்து சிரிலின் கூடுகளை வாங்கிப்போனார், சாதாரணத் தேனீ விலைக்கு. சிரில் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். ஓய்வூதியம் வாங்க மாதம் ஒருமுறை கவுன்டருக்கு வருவார். முத்திரையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

தாரின்கா சுற்றுவதை நிறுத்தினாள். சிவப்புக் காரை விற்றுவிட்டாள். முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை கிடைத்திருக்கிறது, படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை. விடுதிக்காரர்கள் இன்னும் அவளைக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று போனை வைத்துவிடுகிறாள். நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"ஏ தாரின்கா, எத்தனை பேரைக் காப்பாத்தியிருக்க. எங்க மெயில் எல்லாம் இன்னிக்கும் ஒழுங்கா ஓடுறது உன்னாலதானே?"

"அது எனக்கு எதுக்கு?" என்றாள்.

வெள்ளிக்கிழமை சலவை வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் உள்ளே வருகிறாள். கைகளில் சோப்பு வாசனை. வரிசையில் நிற்கிறாள், முறை வந்ததும் வெளிநாட்டுத் தபால் ஏதாவது வந்ததா என்று கேட்கிறாள். வந்தாலும் இனி அதில் ஒன்றும் இருக்காது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பின்னால் போய்த் தட்டைப் பார்த்துவிட்டு வந்து, "இல்ல தாரின்கா" என்கிறேன். பார்க்காமலே சொல்லலாம். ஆனால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.